பதினேழாம் எண் கத்திரிச் செடி

எட்டாம் பிளாக்குக்குப் பின்னால் இருக்கும் கூட்டுத் தோட்டத்தில் முப்பத்தெட்டுக் கத்திரிச் செடிகள் இருந்தாக வேண்டும். ஒன்று பட்டுப்போனால் அந்தக் குழியில் ஓர் ஆள் நிற்க வேண்டும். பட்டினி ஒழிப்புத் திட்டத்தின் ஏழாவது விதி அது. குடியிருப்பில் யாரும் அதற்கு ஆட்சேபம் சொன்னதில்லை.

தேசம்மாள் விதியை நினைத்துக்கொண்டு வரவில்லை. நாலு கத்திரிக்காய் கேட்க வந்தாள். அவள் வேலை பார்த்த வீட்டில் பூட்டு தொங்கிப் பத்து நாளாகிறது. மகள் கோபிகா நேற்று மதியம் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டதோடு சரி. இன்று பள்ளிக்கூடம் விடுமுறை.

"எண்ணி முடிக்கிற வரைக்கும் ஒரு காயில கை வைக்கக் கூடாதுக்கா. ஆபீசர் வர்றாரு" என்றார் தோட்டக் கமிட்டிச் செயலாளர் அற்புதராஜ்.

"புள்ள நேத்துலேர்ந்து பட்டினிய்யா."

"திட்டமே பட்டினிக்குத்தான்கா. எண்ணாம எப்டி ஒழிக்கிறது?"

பசி என்ன கமிட்டி உறுப்பினரா, கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருக்க? தேசம்மாளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் அற்புதராஜ் பதினேழாம் எண் குழியைக் காட்டினார். காலியாக இருந்தது.

"அஞ்சே நிமிசம் நில்லுக்கா. அவரு போனதும் நாலு காய் நானே பறிச்சுத் தர்றேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். அற்புதராஜ் அவள் கணுக்கால்வரை மண்ணைத் தள்ளி மிதித்தார்.

அதிகாரி வந்தார். எண்ணினார். பதினேழில் நின்றார்.

"இது ஏன் இவ்வளவு உயரம்?"

"எரு ஜாஸ்தி ஆயிடுச்சு சார்."

"காய்க்குமா?"

"காய்ச்சிடும் சார்."

முப்பத்தெட்டு என்று எழுதிக்கொண்டார். குடியிருப்புப் பதிவேட்டைப் புரட்டி, நாலாவது மாடியில் தேசம்மாள் என்ற பெயரை அடித்தார். ஒரே ஆள் இரண்டு பதிவேட்டில் இருக்கக் கூடாது. பிறகு எல்லாக் காய்களையும் மாதிரிக்காகப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் எந்தச் செடியையும் இடம் மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேசம்மாள் காலைத் தூக்கிப் பார்த்தாள். வரவில்லை. கால் விரல்கள் மண்ணுக்குள் எங்கோ வெகுதூரம் போய்விட்டிருந்தன.

மதியம் கோபிகா கிண்ணத்தோடு வந்தாள்.

"மாமா, எங்கம்மா இங்க வந்தாங்களா?"

"இங்க செடிங்க மட்டும்தான் கீது. எண்ணியாச்சு."

தேசம்மாள் மகளைக் கூப்பிட வாயெடுத்தாள். சத்தம் வரவில்லை.

"காய் இருக்கா மாமா?"

"ஆளுக்கு ஒண்ணு. இருந்தா எடுத்துக்க."

கோபிகா ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லாவற்றிலும் வெறும் காம்புதான். தேசம்மாள் மூச்சைப் பிடித்து முக்கினாள். இந்தப் பிள்ளையைப் பெற்றபோதுகூட அப்படி முக்கியதில்லை. முழங்கைக்குக் கீழே ஒரு காய் இறங்கியது. ஊதா நிறம். கைக்கு அடக்கமாக இருந்தது.

மகள் அதைத் திருகிப் பறித்தாள். உயிர் போகிற வலி. தேசம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வேலியைத் தாண்டும்போது கோபிகா திரும்பினாள்.

"மாமா, அம்மா வந்தா சொல்லுங்க. அவங்களுக்குப் பாதி எடுத்து வெச்சிருப்பேன்."

"சொல்றேன்."

எல்லாத்தையும் நீயே தின்னுடி என்று தேசம்மாள் கத்தினாள். இலைகள் லேசாக அசைந்தன. இப்போதுதான் கொஞ்சம் காற்று வருகிறது என்று அற்புதராஜ் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.