தலைப்பில் ஒரு கேள்விக்குறி

பலாங்கொடை பஸ் நிலையத்துக்கு எதிரே தொலைபேசியும் ஃபேக்ஸும் உள்ள கொமியூனிகேஷன் கடை வைத்திருந்த யோகராஜ், கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்குப் பகுதிநேர நிருபராகவும் இருந்தான். மண்சரிவு, கும்பாபிஷேகம், சம்பளப் பேச்சுவார்த்தை என்று எதை அனுப்பினாலும் போடுவார்கள். விளையாட்டுச் செய்தி மட்டும் வராது. அந்தப் பக்கம் முழுக்கக் கிரிக்கெட்தான். அதிலும் ஆடிய ஆட்டத்தைவிட, எந்த வீரர் யாரோடு சண்டை, யார் யாரைக் கல்யாணம் செய்யப்போகிறார் என்பதற்கே இடம் அதிகம்.

இரண்டாயிரத்தொன்றில் தோட்டங்களுக்கு இடையிலான உதைபந்தாட்ட இறுதிப்போட்டி பலாங்கொடையில் நடந்தது. ஹபுகல தோட்டமும் கிரிமலைத் தோட்டமும் கடைசிவரை கோல் போடாமல் பெனால்டிக்கு வந்தன. இரண்டும் சமமாக நிற்க, கிரிமலையின் கடைசி உதை மிஞ்சியிருந்தது. அது கோலானால் கோப்பை அவர்களுக்கு.

ஹபுகலவின் கோல்கீப்பர் இருளப்பன், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவன். பந்து மேல்கம்பத்தில் பட்டு விழுந்தது. அவன் பாய்ந்து, கையால் வெளியே தட்டிவிட்டான். நடுவர் புவாட் மாஸ்டர் கோல் இல்லையென்று கைகாட்டினார். ஹபுகலக்காரர்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். இருளப்பன் எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல், நேரே நடுவரிடம் போய் ஏதோ சொன்னான். அவர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு விசிலை ஊதி, கோல்தான் என்று மைதானத்தின் நடுவைக் காட்டினார். கிரிமலை வென்றது.

கூட்டம் கலைந்ததும் யோகராஜ் அவனிடம் போனான்.

"என்ன தம்பி சொன்ன அவர்கிட்ட?"

"கோட்டுக்கு உள்ள போயிடுச்சுண்ணே. என் கைக்குத் தெரியும்ல."

"ஒன் டீம் ஆளுங்க?"

"கோவந்தான். கேப்டன் சதீஸ் மூஞ்சியக் குடுக்கல. நாளைக்குச் சரியாகிருவான்."

யோகராஜ் கடையைத் திறந்து, உட்கார்ந்து, ஒரு பக்கம் எழுதினான். இருளப்பன் சொன்னதை அப்படியே எழுதினான். இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டு ஃபேக்ஸில் அனுப்பினான். எழுதியது பிடித்துப்போன சந்தோஷத்தில் எதிர்க்கடைக்குப் போய் ஒரு பிளேன்டீயும் குடித்தான்.

செவ்வாய்க்கிழமை பத்திரிகையில் செய்தி வந்தது. விளையாட்டுப் பக்கத்தின் மேற்பாதியில், பந்தயச் சூதாட்டத்தில் சிக்கிய வெளிநாட்டுக் கிரிக்கெட் வீரர் ஒருவரின் பெரிய படம். அதற்குக் கீழே:

'விட்டுக்கொடுத்தாரா கோல்காப்பாளர்? தோட்ட உதைபந்தாட்டத்திலும் சூதாட்டச் சந்தேகம்.'

யோகராஜ் எழுதியதில் ஆறு வரி மிஞ்சியிருந்தது. 'நடுவரிடம் இரகசியமாகப் பேசிய இருளப்பன்' என்ற இடத்தில் 'இரகசியமாக' என்ற சொல் புதிதாகச் சேர்ந்திருந்தது. கடைசியில், 'எமது பலாங்கொடை நிருபர்.'

அன்று மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு ஹபுகல பஸ் ஏறினான். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்து வாசலில் இருளப்பனின் மனைவி மல்லிகா துணி பிழிந்துகொண்டிருந்தாள். இவனைக் கண்டதும் பிழிந்த துணியை மறுபடியும் வாளிக்குள் போட்டாள்.

"இப்ப என்ன எழுத வந்தீங்க?"

"நான் எழுதினது அது இல்லம்மா. அவுங்க மாத்திட்டாங்க."

"பலாங்கொடைக்கு எத்தன நிருபருங்க?"

இருளப்பன் உள்ளேயிருந்து வந்து ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டான்.

"உக்காருங்கண்ணே. அவ கோவத்துல பேசுறா."

"தொழிற்சாலையில ஏதும் கேட்டாங்களா?"

"லொறி டிரைவர் சிங்களத்துல 'கீயக் கத்தத மச்சாங்'னு கேட்டுச் சிரிச்சான். எவ்வளவு வாங்கினன்னு. அவன் பகிடிக்குக் கேக்குறான், அது பரவால்ல. சதீஸ்தான்... அவன் அங்கயே நின்னு பாத்தவன்ணே. உள்ள போச்சுன்னு நான் சொன்னப்பக்கூட என்னத் திட்டினான், ஆனா நம்பினான். இன்னைக்கு வந்து, 'பேப்பர்காரன் சும்மாவாடா போடுவான்'னு கேக்குறான்."

யோகராஜ் அங்கே அதிக நேரம் இருக்கவில்லை. கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தான். கண்ணால் பார்த்த ஒருவனின் கண்ணையே ஆறு வரி மாற்றிவிட்டதே என்று வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்தான்.

வியாழக்கிழமை கொழும்புக்குப் போனான். விளையாட்டுப் பக்க ஆசிரியர் பொன்னுத்துரை அவன் நினைத்ததுபோல் இருக்கவில்லை. மெலிந்த, களைத்த மனிதர். மேசை நிறைய வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் ஆங்கிலத் தாள்கள். ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டே பேசினார்.

"தலைப்பு நான் போடேல்லை, தம்பி. டெஸ்கில இருந்த பொடியன் போட்டவன். ஆனா பக்கத்தைப் பார்த்து விட்டது நான்தான்."

"அந்த ஆளு உண்மையச் சொன்னாருங்க. அதைத்தான் நான் எழுதினேன்."

"வாசிச்சனான். நல்லா எழுதியிருக்கிறீர்." அவர் பேனையை வைத்தார். "ரெண்டு பக்கத்துக்கு நாங்கள் மூண்டு பேர். ஒருத்தரும் மைதானத்துக்குப் போறேல்லை. தோட்டத்து மட்ச் எண்டால் ஆர் வாசிப்பினம்? சூதாட்டம் எண்டால் வாசிப்பினம். கேள்விக்குறி போட்டால் வழக்கும் வராது எண்டு நினைக்கிறாங்கள்."

"கேள்வி உங்களுக்குத்தானுங்க. தோட்டத்துல அதைப் பதிலாத்தான் வாசிக்கிறாங்க."

பொன்னுத்துரை திருத்தம் போடுவதாகச் சொன்னார். நான் எழுதியதையே முழுசாகப் போடுங்கள் என்று யோகராஜ் கேட்டான். இடமில்லை என்றார்.

சனிக்கிழமை திருத்தம் வந்தது. மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்தில் இரண்டு வரி. அதிலும் இருளப்பன் 'இருளாண்டி' ஆகியிருந்தான். ஹபுகலவில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனித்த ஒருவரும், இருளாண்டி யாரென்று கேட்டார்.

இனிப் பத்திரிகையை நம்பிப் பயனில்லை என்று யோகராஜுக்குப் பட்டது. டவுனில் புவாட் மாஸ்டரின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னான். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டினார்.

"ஊதினது என்ட விசில். பதில் சொல்ல வேண்டியதும் நான்தானே. வாங்க போவம்."

இருவரும் போய்ச் சேர்ந்தபோது, கோயிலுக்குக் கீழே இருந்த சின்ன மைதானத்தில் ஹபுகல அணி பயிற்சி செய்துகொண்டிருந்தது. கோலில் இருளப்பனுக்குப் பதிலாக வேறொருவன் நின்றான். மாஸ்டரைக் கண்டு எல்லோரும் கூடினார்கள். வேலி ஓரம் நின்ற பெண்களும் கிட்ட வந்தார்கள்.

"அந்தப் பந்து உள்ள போனது எனக்குத் தெரியாது," என்றார் மாஸ்டர். "வெயில் கண்ணுல அடிச்சிச்சி. இல்லைன்னு நான் கைகாட்டிட்டன். அவர் பேசாம இருந்திருந்தா கோல் இல்ல. வந்து, 'சேர், உள்ள போயிடுச்சு'ன்னாரு. வேற ஒரு சொல் பேசல்ல. இருபது வருஷமா விசில் ஊதுறன், எனக்கிட்ட இப்படி வந்து சொன்ன ஆள் அவர் ஒருத்தர்தான்."

அணித் தலைவன் சதீஸ் காலடியில் கிடந்த பந்தை உருட்டிக்கொண்டிருந்தான்.

"இத நீங்க எழுதினீங்களா?" என்று யோகராஜிடம் கேட்டான்.

"எழுதினேன். வரல."

சதீஸ் பந்தைப் பக்கத்தில் நின்றவனிடம் தட்டிவிட்டு லயத்துப் பக்கம் நடந்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தனியாகத்தான் திரும்பி வந்தான்.

"மல்லிகா நல்லா ஏசிட்டா," என்றான். "இருளப்பன் புதன்கிழமை பயிற்சிக்கு வாறானாம்."

சொன்னபடியே புதன்கிழமை இருளப்பன் வந்தான் என்று யோகராஜ் பிறகு கேள்விப்பட்டான்.

இரண்டு மாதம் யோகராஜ் பத்திரிகைக்கு விளையாட்டுச் செய்தி எதுவும் அனுப்பவில்லை. ஒருநாள் பொன்னுத்துரையே கடைக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"என்ன தம்பி, அந்தப் பக்கம் விளையாட்டு ஒண்டும் இல்லையோ?"

"ஞாயித்துக்கிழமை ஒரு மேட்ச் இருக்குங்க. அனுப்புறேன். ஆனா ஒரு எழுத்து மாத்தறதா இருந்தாலும் எனக்குப் போன் பண்ணிக் கேளுங்க. இல்லாட்டிப் போடாதீங்க."

"சரி," என்றார் அவர். "ஆனா சின்னனாத்தான் வரும்."

சின்னதாகத்தான் வந்தது. ஹபுகல அணி ஒன்றுக்குப் பூச்சியம் என்று நிவித்திகல அணியை வென்றது. கோலைச் சதீஸ் போட்டான். இருளப்பன் மூன்று பந்துகளைத் தடுத்தான். தலைப்பிலும் ஆட்ட முடிவுதான் இருந்தது, பெயர்களும் சரியாக இருந்தன.

அந்த மாதம் சம்பளம் போட்ட சனிக்கிழமை இருளப்பனும் மல்லிகாவும் சாமான் வாங்க டவுனுக்கு வந்தவர்கள், கடையில் நுழைந்தார்கள். யோகராஜ் பத்திரிகையை எடுத்து நீட்டினான். மல்லிகா வாங்கி நின்றபடியே வாசித்தாள். இருளப்பன் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"ரெண்டாவது பாதி முழுக்கச் சகதியில விளையாடினமேண்ணே," என்றான். "அத விட்டுட்டீங்களே."

"இடமில்லன்னாங்க தம்பி," என்றான் யோகராஜ்.

"சரி, பரவால்ல," என்றாள் மல்லிகா. பத்திரிகையை மடித்துச் சாமான் பைக்குள் வைத்துக்கொண்டாள்.