பனி உடையும் வரை

பட்டாளத்தை விட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே ஓடியவன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என் பின்னால் ஆறு பேர் வந்தார்கள், அவர்களும் பாடினார்கள். காவலுக்கு நின்ற சிப்பாயைப் பார்த்துத் தொப்பியை வேறு ஆட்டினேன். அவனும் பதிலுக்குக் கையாட்டினான், பாவம்.

நடந்தது இதுதான். மார்ச் கடைசியில் ஒரு காலை, மிசிசிப்பி ஆற்றின் மேல் உறைந்து கிடந்த பனி பீரங்கி வெடித்தது போலப் பிளந்தது. கரையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த நான் வாளியைப் போட்டுவிட்டு எங்கள் பட்டாளம் இருந்த கோட்டைக்குள் ஓடி, பனி உடைந்தது, கிளம்புங்கள் என்று எல்லோரையும் கிளப்பிவிட்டேன். பாட்டன் காலத்திலிருந்து எங்களுக்கு ஒப்பந்தம் என்றால் அப்படித்தான். பீவர் என்கிற ஆற்று மிருகத்தின் தோலை வாங்கும் கம்பெனிக்கு ஒரு குளிர்காலம் முதுகு ஒடிய உழைப்போம். ஆற்றில் பனி உடைந்தால் ஒப்பந்தமும் முடிந்தது. படகைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம், யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. தோல் வியாபாரம் படுத்துப் பல வருஷம் ஆகியும் இந்தப் பழக்கம் மட்டும் எங்கள் எலும்பை விட்டுப் போகவில்லை.

பட்டாளத்தில் சேர்ந்ததும் அந்த நினைப்பில்தான். தெற்கே அமெரிக்கர்கள் தங்களுக்குள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கோட்டையிலிருந்த பழைய பட்டாளம் அந்தச் சண்டைக்குப் போய்விட்டதால் புதிதாக ஆள் எடுத்தார்கள். கேப்டன் ஹால்டேன் ஒரு பெட்டி மேல் ஏறி நின்று நீளமாக இங்கிலீஷில் பேசினார். அதை எங்கள் பேச்சில் சொன்னது என் மச்சான் இசிதோர், என் மனைவி உர்சூலின் அண்ணன். எங்கள் பேச்சு பாதி பிரெஞ்சு, பாதி இந்த மண்ணின் பூர்வகுடி மொழியான டகோட்டா, எங்கள் ரத்தத்தைப் போலவே. அவ்வளவு நீளப் பேச்சு இசிதோர் வாயில் ஒரே வரியாகச் சுருங்கியது.

"பனி உடையிற வரைக்கும் இந்தக் கோட்டையைப் பாத்துக்கிட்டாப் போதுமாம்."

எழுதத் தெரியாதவர்கள் கையெழுத்துக்குப் பதிலாகப் பேனாவைத் தொட்டால் போதும் என்றார்கள். தொட்டோம்.

சிப்பாய்கள் எங்களைப் பிடிக்க வந்தபோது உர்சூல் காட்டில் மேப்பிள் மரச் சாற்றைப் பாகாகக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கோடை முடிந்து காட்டரிசி அறுக்கிற காலத்தில் பிறக்கவேண்டிய பிள்ளை அவள் வயிற்றில் உதைத்துக்கொண்டிருந்தது. துப்பாக்கிகளைப் பார்த்தும் விருந்தாளிகள் என்று நினைத்து ஆளுக்கொரு கரண்டி பாகு கொடுத்தேன். நாக்கைச் சுழற்றி நக்கிவிட்டுத்தான் என் கையைக் கட்டினார்கள்.

கேப்டன் கெட்டவர் இல்லை. வேறொரு மொழிபெயர்ப்பாளனை வைத்து, மூன்று வருஷம், அனுப்புகிற இடத்துக்குப் போகவேண்டும், இதைத்தான் அன்று சொன்னேன் என்றார். அதை மொழிபெயர்த்தவன் தவறாகச் சொல்லியிருந்தால் குற்றம் உங்களுடையது இல்லை, வீட்டுக்குப் போகலாம்; சரியாகச் சொல்லியிருந்தால் நீங்கள் ஓடிப்போனவர்கள், அடுத்த கப்பலில் தெற்கே போகவேண்டும். இசிதோரைக் கூப்பிட்டுக் கேட்டார். இசிதோர் என் பூட்சைப் பார்த்துக்கொண்டே, நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன் ஐயா என்றான்.

அத்தனை பேரையும் கிளப்பிவிட்டவன் நான் என்பதால் எனக்குத் தண்டனையாகத் தலையில் ஒரு பக்கம் மட்டும் மொட்டை. மறுபக்கம் முடி அழகாகத்தான் இருந்தது.

சிறையில் உட்கார்ந்து மச்சானுக்காக நானே வாதாடினேன். டகோட்டாவில் வருஷத்துக்கும் குளிர்காலத்துக்கும் ஒரே வார்த்தை. இங்கிலீஷில் கேட்ட மூன்று வருஷம் அவன் மனசில் எங்கள் பேச்சாக மாறும்போது ஏதோ குளிர்காலம் என்று ஆகியிருக்கும், பாவம், வாய் தவறிவிட்டது, இப்போது ஒத்துக்கொள்ளப் பயப்படுகிறான். உர்சூலின் அண்ணன் வேறு என்ன செய்வான்? கூட ஓடிவந்து பிடிபட்ட செலஸ்தேனிடம் இதைச் சொன்னேன். உன் தலை மாதிரியே உன் மூளையும் பாதிதான் என்றான். எங்களைப் பிடித்துவந்த சார்ஜெண்டைக் கேட்டேன், பாகு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். காலமெல்லாம் எல்லோரையும் கிண்டல் செய்தே வளர்ந்தவனுக்கு எவன் ஒழுங்காகப் பதில் சொல்வான்? இசிதோரே புகையிலை கொண்டுவந்து கொடுத்தான். வாய் தவறியதுதானே என்று அவனிடமும் கேட்டேன்.

"மாப்ளே, பாதி மொட்டைக்குப் பாதி விலையில தொப்பி குடுப்பாங்களான்னு விசாரிக்கிறேன்," என்றான்.

நல்ல நகைச்சுவை. சிரித்துத் தொலைத்தேன். அவன் போய்விட்டான்.

கப்பல் ஏறுகிற அன்று இசிதோர் துறைக்கு வந்தான். உர்சூல் கொடுத்தனுப்பிய மேப்பிள் சர்க்கரைக் கட்டியை என் பைக்குள் திணித்தான். அவளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். பனி உருகிய ஆறு பழுப்பாகப் பொங்கிப் போய்க்கொண்டிருந்தது, நாங்கள் போகவேண்டிய திசையிலேயே. சார்ஜெண்ட் பேர் பேராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என் வாயில் ஒரு கிண்டல் வந்தது. விழுங்கினேன்.

"மச்சான், வருஷமும் குளிர்காலமும் நம்ம பேச்சுல ஒண்ணுதானே. வாய் தவறிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் நிம்மதியாப் போயிடுவேன்."

அவன் பதிலுக்கு ஒரு கிண்டலைத் தேடினான். என் தலையைப் பார்த்தான், தொப்பியைப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"தவறலை," என்றான். "மூணு வருஷம்னு அவர் சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுது. அதைச் சொன்னா ஒருத்தனும் பேனாவைத் தொட்டிருக்க மாட்டீங்க. ஆள் சேரலைன்னா மொழிபெயர்க்கிற வேலை போயி, என்னையே துப்பாக்கியைத் தூக்கிட்டுத் தெற்கே போகச் சொல்லியிருப்பாங்க. அதனாலதான் பனின்னு சொன்னேன்."