பொம்பளைக் கூலி

நாட்டுக்கு மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். வெள்ளைக்காரத் துரை கப்பலேறினான். வாங்கியவன் ஆட்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றான். மருதமுத்து பெண்டாட்டி ருக்மணியோடு தோட்டத்து லயத்து வீட்டைக் காலி பண்ணி, டவுனில் காஜா பெராங்கில் ஓர் அறை பிடித்தான்.

டவுனில் வேலை தேடுவது என்றால், காலையில் அப்துல் ஹமீதின் தேத்தண்ணிக் கடை முன்னால் போய் நிற்பதுதான். புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ரோடு போடுகிற கண்ட்ராக்டர் பொன்னுதுரை லோரியில் வந்து ஆள் பொறுக்குவான். தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாய் நிறுத்தி, கணக்கெழுதுகிற கிராணி பேர் சொல்லிக் கூப்பிடுவார். ‘இருக்கேங்க’ என்றால் அன்றைக்கு வேலை உண்டு. இங்கே பேரெல்லாம் கிடையாது. மாடு பிடிக்கிறவன் மாதிரி தோளைப் பார்ப்பான், தலைமயிரைப் பார்ப்பான், விரலை நீட்டுவான். வாலிபப் பயல்கள் ஏறிப்போவார்கள். மருதமுத்துவுக்கு ஐம்பதை ஒட்டி வயசு. அந்த விரல் ஒரு நாளும் அவன் பக்கம் திரும்பியதில்லை.

அன்றைக்கு ருக்மணியும் கூட வந்தாள்.

“இன்னிக்கு ஆம்பளை வேணாம்,” என்றான் பொன்னுதுரை. “கல்லு சுமக்கப் பொம்பளைங்க மட்டும் ஏறுங்க.”

பெண்களுக்குப் பாதிக் கூலி. காரணம் வேறென்ன?

ருக்மணி புருஷன் முகத்தைப் பார்த்தாள். “ஏறு,” என்றான். அவள் ஏறியதும் அவனும் பின்னாலேயே பலகையில் கால் வைத்தான்.

“யோவ், காது கேக்கலையா?”

“கேட்டுச்சுங்க. எனக்கும் பொம்பளைக் கூலியே குடுங்க, போதும்.”

முன்னமே ஏறியிருந்த மல்லிகா லோரியிலிருந்து குனிந்தாள். “அண்ணே, நாளைக்குச் சேலை கட்டிக்கிட்டு வாங்க. ஏத்திக்குவாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். ருக்மணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பாதிக் கூலிக்கு ஒரு ஆம்பளைய ஏத்துனா, மத்தவனுங்க என் லோரியக் கொளுத்திடுவானுங்க. இறங்குய்யா.”

அது பொய். பாதிக் கூலிக்கும் நீ வேண்டாம் என்று மூஞ்சிக்கு நேரே சொல்லக் கூச்சம், அவ்வளவுதான். மருதமுத்து இறங்கினான். லோரி போய்விட்டது.

கூலி அவனுக்குப் பெரிசில்லை. தோட்டத்தில் இருபது வருஷமாய் இவனுக்கு ஒரு நிரை மரம், பக்கத்து நிரை அவளுக்கு. மரத்துக்கு மரம் அவள் தன்பாட்டுக்கு முணுமுணுப்பது கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே பால் வெட்டிப் போவான். அவள் தனியாக வேலைக்குப் போவது இதுதான் முதல் தடவை.

“வீட்டுக்குப் போகலையா?” என்றார் ஹமீது.

“லோரி வரட்டும்.”

“அது சாயங்காலம்ல வரும்.”

“தெரியும் பாய்,” என்றவன், ரோடு தெரிகிற பக்கமாய் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தான்.