சுற்றியிருந்த கொழுப்பு

மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்த நாளிலும் கணக்கு டீச்சர் அழவில்லை. அழுகையை மொத்தமாக அவள் தங்கை குத்தகைக்கு எடுத்திருந்தாள். முதல் தவணை மருந்து ஏறி முடி கொட்டியபோதும், சீப்பில் வந்ததைச் சுருட்டிப் போட்டுவிட்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்தாள் டீச்சர்.

இரண்டாவது தவணைக்கு முன்னால் மறுபடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருந்தது. கட்டி சுருங்க நாளாகும். அதற்கு முன்பே சுற்றியுள்ள கொழுப்பில் மாற்றம் தெரிகிறதா என்று அந்த மருத்துவமனையில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மருந்து கேட்கிறதா இல்லையா என்பதைச் சீக்கிரமே அறிய ஒரு முயற்சி என்றார் டாக்டரம்மா. டீச்சர் சம்மதித்திருந்தாள்.

"எளைக்கணும்னு எவ்வளவு பாடுபட்டேக்கா. இப்ப அந்தக் கொழுப்பத்தான் படம் புடிக்கப் போறாங்களாம்," என்றாள் தங்கை. டீச்சர் உதட்டை மட்டும் விரித்தாள்.

படம் எடுக்கும் பெண் அவளைக் குப்புறப் படுக்க வைத்து, மார்பு இரண்டும் மேசையிலிருந்த பள்ளங்களுக்குள் இறங்கும்படி சரிசெய்தாள். கை சில்லென்று இருப்பதற்கு மன்னிப்புக் கேட்டாள். இயந்திரம் இடிக்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டில் யாரோ சுவரை உடைக்கிறார்கள் என்பதுபோல டீச்சர் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

மறுநாள் டாக்டரம்மா படங்களைக் காட்டினார். கட்டி அப்படியே இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் சுற்றியிருந்த கொழுப்பும் அசையவில்லை. இதை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது, கட்டியில் ஊசியால் குத்திச் சதை எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். பார்த்தார்கள். மருந்து கட்டியைத் தொட்டிருக்கவே இல்லை.

டீச்சரின் கணவர் தயங்கினார். ஒரு தடவைதானே ஏறியிருக்கிறது, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கக் கூடாதா என்றார். பிறகு எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள்.

"மாத்திடுங்க டாக்டர்," என்றாள், அளவு சேராத செருப்பைக் கடையில் திருப்பித் தருகிற குரலில்.

புது மருந்து வாயெல்லாம் புண்ணாக்கியது, படியேற விடவில்லை. ஆனால் அடுத்த படத்தில் கொழுப்பு மாறியிருந்தது. அதற்கடுத்ததில் கட்டியே சிறுத்துவிட்டது. மிச்சத்தை அறுத்து எடுத்தார்கள். எடுத்த சதையில் உயிருள்ள புற்று இல்லை என்று முடிவு வந்தபோது தங்கை டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டீச்சர் நன்றி சொல்லிவிட்டு, பள்ளிக்கு எப்போது போகலாம் என்று கேட்டாள்.

"உனக்குச் சந்தோஷமா இல்லையா?" என்று வண்டியில் கேட்டார் கணவர்.

"இருக்கணும்ல," என்றாள் அவள்.

சிக்னலில் வண்டி நின்றபோது அவர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவள் அதை அங்கேயே இருக்க விட்டாள்.