தலைவர் அவர்கள் கவலை தெரிவித்தார்

நான் மாற்றி எழுதுகிறவன் என்று பினாங்கில் ஒரு கதை உலவுகிறது. சரி, மாற்றித்தான் எழுதினேன். ஆனால் பொய் எழுதினேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பொய் வேறு, இங்கிலீஷ் இலக்கணம் வேறு. இந்த வித்தியாசம் தெரியாதவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

என் பெயர் அம்பிகைபாகன். 1929ஆம் ஆண்டு நான் ஒரு துரைத்தனக் கந்தோரில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், மூன்றாந்தரக் கிளார்க். இரண்டாந்தரத்துக்குப் போவதற்குப் பரீட்சை ஒன்று உண்டு. அதில் ஒருவர் பேசியதை நேர்கூற்றாகக் கொடுத்து, அயற்கூற்றாக மாற்றச் சொல்வார்கள். தமிழில் இதற்கு என்ன பாடு? சொன்னதை அப்படியே சொல்லி, வாலில் ஓர் 'என்று' போட்டால் தீர்ந்தது. துரைமாருக்கு அது போதாது. 'நான்' என்றவன் 'அவன்' ஆகவேண்டும். 'இங்கே' என்றது 'அங்கே' ஆகவேண்டும். 'இன்று' போய் 'அன்று' வரவேண்டும். வினைச்சொல் ஒரு படி பின்னால் போய்ப் பவ்வியமாக நிற்கவேண்டும். அதட்டினால் 'பணித்தார்', கெஞ்சினால் 'வேண்டிக்கொண்டார்', ஐயோ என்று அலறினால் 'துக்கத்துடன் உரைத்தார்'.

இரண்டு தரம் இதில் கோட்டை விட்டேன். மூன்றாந்தரமும் விட்டால் மானம் போய்விடும் என்று, காதில் விழுந்ததையெல்லாம் மாற்றிப் பழகினேன். பசாரில் மீன் விற்கிற நோர்மா, "வாங்குறதுன்னா வாங்கு, இல்லாட்டி நகரு" என்று மலாயில் விரட்டுவாள். "வாங்கும் உத்தேசம் இல்லாத பட்சத்தில் இடம்விட்டு நகருமாறு அம்மையார் பணித்தார்" என்று நான் மனத்துக்குள் எழுதிக்கொண்டு நகர்வேன். என்ன சுகம் தெரியுமா? வைததெல்லாம் வேறு யாரையோ, வேறு என்றைக்கோ வைததுபோல் ஆகிவிடும்.

இந்தப் பழக்கத்தைக் கேள்விப்பட்டுத்தான் என்னைச் சிலோன் தமிழர் வாசகசாலைக்குச் செயலாளர் ஆக்கினார்கள். வாசகசாலை மார்க்கெட் தெருவில், காஜா மொய்தீன் ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அங்கத்தவர் இருபத்திரண்டு பேர். அத்தனை பேரும் யாழ்ப்பாணத்து ஆட்கள், அத்தனை பேரும் கிளார்க்குகள். ஒன்றுவிட்ட ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம். கூட்டத்தில் பேசுவது தமிழில், கூட்டக் குறிப்பு எழுதுவது இங்கிலீஷில். போன கூட்டத்துக் குறிப்பை நான் எழுந்து வாசிப்பேன். "சரிதானோ?" என்று தலைவர் கேட்பார். "சரி" என்று எல்லாரும் சொன்னதும் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து விழுந்துவிட்டால் அதுதான் நடந்தது. ஆறு நாளும் காகிதத்தைக் கும்பிட்டுச் சீவிக்கிறவர்கள், ஏழாம் நாள் தங்கள் காதையா நம்பப் போகிறார்கள்?

தலைவர் அப்புத்துரை பெரிய கந்தோரில் தலைமைக் கிளார்க். நல்ல மனுஷன்தான். ஆனால் வாயைத் திறந்தால் சாக்கடை. உபதலைவர் கார்த்திகேசு கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் ரெயில்வே கிளார்க்காக இருந்து இளைப்பாறியவர், அவருக்கும் வாய் குறைச்சலில்லை. வாசகசாலையில் கைவைத்த நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அது தலைவருக்கு. ஒருநாள் கார்த்திகேசு முந்தி வந்து அதில் சாய்ந்துகொண்டார்.

"எழும்படா கழுதை" என்றார் அப்புத்துரை. "ரெயில் ஓட்டினவனுக்கெல்லாம் கைக்கதிரை கேக்குதோ?"

"உம்மட கொப்பர் செய்து தந்த கதிரையோ இது?" என்றார் கார்த்திகேசு.

அரை மணி நேரம் நடந்தது. கீழேயிருந்து காஜா மொய்தீன் ஏறி வந்து, "அண்ணே, சேலை எடுக்க வந்த பொம்பளைங்க எல்லாம் ஓடிப் போறாங்க லா, கொஞ்சம் மெதுவா ஏசிக்கங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த கூட்டத்தில் நான் வாசித்த குறிப்பு இதுதான், தமிழில் சொன்னால்: "இருக்கை ஒழுங்குகள் குறித்துத் தலைவர் அவர்கள் கவலை தெரிவித்தார். உபதலைவரை உழைப்புக்குப் பேர்போன ஒரு பிராணியோடு ஒப்பிட்டார். நாற்காலியின் பூர்வீகம் பற்றியும், அதில் தலைவரின் தந்தையாருக்கு உள்ள பங்கு பற்றியும் உபதலைவர் அறிய விரும்பினார்." இருவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். முடிந்ததும் கார்த்திகேசு எழுந்து போய்த் தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவு கௌரவமாகத் தாங்கள் பேசியிருப்போம் என்று இருவருக்குமே தெரியாது.

பிறகு கேட்பானேன்? எனக்கு ஏக கீர்த்தி. ஆட்கள் துணிந்து வையத் தொடங்கினார்கள். வைதுவிட்டு என் பக்கம் திரும்பி, "இதை வடிவா எழுதிப்போடும் தம்பி" என்பார்கள். நானும் எழுதினேன்.

இத்தனைக்கும் நான் உழைத்தது வாசகசாலைக்காகவா? இல்லை. யோகலட்சுமிக்காக.

அவள் அப்புத்துரையின் ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை, கான்வெண்டில் சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தவள். கூட்டத்துக்கு முந்திய புதன்கிழமை நான் குறிப்புப் புத்தகத்தை ஜெலுத்தோங்கில் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். தலைவர் ஒப்புதல் தராத குறிப்பைக் கூட்டத்தில் வாசிக்க முடியாது. அப்புத்துரைக்குக் கண் மங்கி வந்தது. கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று போடமாட்டார். அதனால் மகள் வாசிக்கக் கேட்டு ஒப்புதல் தருவார். ஆக, இரண்டு வருஷமாக நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் அவள் வாசித்திருக்கிறாள். "பிராணியை நல்லாச் சமாளிச்சிருக்கிறியள்" என்று அந்தக் கழுதைக் குறிப்பைத் திருப்பித் தரும்போது ஒரு சிரிப்புச் சிரித்தாள். அன்றைக்குப் போன நித்திரை எனக்குத் திரும்பி வரவில்லை.

பெண் கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். கேட்டேன். வழக்கப்படி ஆள் அனுப்பித்தான் கேட்டேன். கார்த்திகேசு போய் வந்தார்.

"என்ன சொன்னவர் அண்ணை?"

கார்த்திகேசு தொண்டையைச் செருமிக்கொண்டார். "விண்ணப்பம் கிடைக்கப்பெற்றதெண்டும், உரிய காலத்தில பரிசீலிக்கப்படும் எண்டும் தலைவர் சொன்னவர்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று மாதம் அந்தச் சந்தோஷத்திலேயே போயிற்று. பரீட்சையிலும் தேறிவிட்டேன்.

நாலாம் மாதம் ஒரு புதன்கிழமை. புத்தகத்தை வாங்கிக்கொண்ட யோகலட்சுமி உள்ளே போகாமல் நின்றாள். தகப்பனார் கிணற்றடியில் குளிக்கிற சத்தம் கேட்டது.

"கார்த்திகேசு மாமா உங்களுக்கு என்ன சொன்னவர்?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

"அப்பா சொன்னதை நான் சொல்லட்டோ? 'தனக்குப் பொம்பிளை கேக்கிறதுக்கே வாய் இல்லாமல் ஆள் அனுப்புறான். மற்றவன் கதைக்கிறதை எழுதுறதைத் தவிர இவனுக்கு என்ன தெரியும்? போகச் சொல்லு' எண்டவர். இந்த மாசக் கடைசியில தைப்பிங் ஆஸ்பத்திரியில இருந்து ஒரு டிரெஸ்ஸர் என்னைப் பொம்பிளை பார்க்க வாறார்."

அயற்கூற்றுக்குப் பழகிய காதில் நேர்கூற்று விழுந்தால் எப்படி எரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?" என்றேன்.

"என்னை ஆர் கேட்டது?" என்றாள். "நீங்களும் கேக்கேல்லை."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் ஜெலுத்தோங்கிலிருந்து மார்க்கெட் தெரு வரைக்கும் நடந்தே வந்தேன். கார்த்திகேசு மேல் வந்த ஆத்திரம் பாதி வழி வரும்போதே தணிந்துவிட்டது. அந்த மனுஷன் என்ன செய்தார்? நான் எல்லாருக்கும் செய்ததை எனக்குச் செய்தார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், வேறு விஷயங்கள் உண்டா என்று தலைவர் கேட்டபோது நான் எழுந்தேன். செயலாளர் எழுந்து பேசுவது அங்கே வழக்கமில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, உங்கட மகள் யோகலட்சுமியை நான் கலியாணம் செய்ய விரும்புறன். எனக்குத் தருவீங்களோ?"

இருபத்தொரு பேரும் வாயைப் பிளந்தார்கள். அப்புத்துரையின் முகம் கறுத்துச் சிவந்தது.

"எட நாயே, கூட்டத்தில வைச்சோ என்ர பிள்ளையைக் கேக்கிறாய்? பேனை பிடிக்கத் தெரிஞ்ச பஞ்சப்பரதேசிக்கெல்லாம் பிள்ளை குடுக்க நான் என்ன சத்திரமோ வைச்சிருக்கிறன்? உனக்குக் குடுக்கிறதிலும் பார்க்க, அவளைப் பிறைக்குப் போற ஃபெரியில ஏத்திக்கொண்டு போய் நடுக்கடல்ல தள்ளிப்போட்டு வருவன்."

பக்கத்தில் இருந்தவர் என் முழங்கையைத் தொட்டு, "தலைவர் கவலை தெரிவித்தார் எண்டு போடும் தம்பி" என்று முணுமுணுத்தார். பாவம், ஆறுதலாகத்தான் சொன்னார்.

நான் போடவில்லை. உட்கார்ந்து, நான் கேட்டதையும் அதற்கு அப்புத்துரை சொன்னதையும் தமிழிலேயே, மேற்கோள்குறிக்குள், நாய் முதல் நடுக்கடல் வரை ஒரு சொல் பிசகாமல் எழுதினேன். எழுத்து நன்றாகவே விழுந்தது.

அடுத்த கூட்டத்துக்கு முந்திய புதன்கிழமை புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். யோகலட்சுமி வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தகப்பனார் கேட்டதும் வெட்டச் சொல்வார், என்னையும் வேலிக்கு வெளியே தூக்கி எறிவார் என்று வாசலிலேயே நின்றேன். கால் மணியில் புத்தகம் திரும்பி வந்தது. "அப்பா சரியெண்டிட்டார்" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து வாசித்தேன். 'எட நாயே' என்றதும் அப்புத்துரை நிமிர்ந்தார். 'பஞ்சப்பரதேசி' என்றபோது யாரோ கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்கள். 'நடுக்கடல்' வந்தபோது, கீழே ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

"ஆர் சொன்னது இது?" என்றார் அப்புத்துரை.

"நீங்கள், ஐயா."

"நானோ? நான் இப்பிடிக் கதைக்கிறனானோ?"

"கதைக்கிறனீர்" என்றார் கார்த்திகேசு. "அண்டைக்கு என்னையும் கழுதை எண்டனீர். எனக்கு இப்பதான் ஞாபகம் வருது."

அப்புத்துரை சுற்றிப் பார்த்தார். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். "சரிதானோ?" என்று மெல்லக் கேட்டார். "சரி" என்றார்கள் எல்லாரும். பேனையை நீட்டினேன். வாங்கினவர் கையெழுத்துப் போடவில்லை. பெற்ற பிள்ளையைக் கடலில் தள்ளுவேன் என்று எந்தத் தகப்பன் கையெழுத்துப் போடுவான்?

"இதை வெட்டு" என்றார்.

"சரியெண்டு ஒப்புக்கொண்ட பிறகு வெட்டேலாது ஐயா" என்றேன். "சொன்னவர் சொன்னதைத் திருப்பி எடுக்கலாம்."

அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். "தாயில்லாப் பிள்ளையை..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். பிறகு, "திருப்பி எடுக்கிறன். முழுசாய்த் திருப்பி எடுக்கிறன்" என்றார்.

அதை எழுதினேன். அப்போது கார்த்திகேசு எழுந்தார். "தலைவர் திருப்பி எடுத்திட்டார், நல்லது. ஆனால் தம்பி கேட்ட கேள்வி புத்தகத்தில நிக்குது. அதுக்குக் கீழ மறுமொழி இல்லை."

கூட்டம் சலசலத்தது. இருபத்திரண்டு கிளார்க்குகள் கூடிய இடத்தில், மறுமொழி இல்லாத ஒரு கேள்வி பதிவில் கிடப்பதா? யாருக்கும் பொறுக்கவில்லை. மறுமொழி வேண்டும் என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கை உயர்த்தினார்கள்.

"மறுமொழியை வீட்டில சொல்லுறன்" என்றார் அப்புத்துரை. என்னைப் பார்த்து, "நீ வா. புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வா" என்றார்.

ஒரே ரிக்ஷாவில் போனோம். வீட்டுக்குள் நுழைந்ததும் மகளைக் கூப்பிட்டார்.

"புதன்கிழமை நீ எனக்கு வாசிக்கேக்கை, 'செயலாளரின் வேண்டுகோள் பற்றித் தலைவர் ஆழ்ந்த அக்கறை காட்டினார். கடற்பயணம் ஒன்றின் சாத்தியத்தையும் குறிப்பிட்டார்' எண்டெல்லே வாசிச்சனீ?"

"ஓம் அப்பா."

"புத்தகத்தில அப்பிடி இல்லையே."

"இல்லை அப்பா. நான்தான் மாத்தி வாசிச்சனான். உள்ளபடி வாசிச்சிருந்தால் நீங்கள் கூட்டத்தில வாசிக்க விட்டிருக்க மாட்டியள்."

அப்புத்துரை கதிரையில் உட்கார்ந்தார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப அவளைப் பார்த்தார். அவளை யாரும் கேட்கவில்லை என்று சொன்னாளே, அதற்கு அவளே மறுமொழி சொல்லிவிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"தைப்பிங்குக்கு ஒரு கடிதம் எழுதவேணும்" என்றார் கடைசியில். "வரவேண்டாம் எண்டு."

நான் அவசரமாகப் பேனையை எடுத்தேன்.

"நீ வை" என்றார் அப்புத்துரை. "அவள் எழுதட்டும். உன்னிலும் பார்க்க அவள் கெட்டிக்காரி."

இரண்டு வருஷம் செயலாளராக இருந்தவனுக்கு இது கொஞ்சம் சுட்டது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பேனையை அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.