மூன்று கவர், ஒரு மானிட்டர்

எங்கள் வீட்டில் யோசிக்காமல் வாங்கிய கடைசிப் பொருள் ஒரு பிளாஸ்டிக் வாளி. அது 2011இல். அதற்காக அப்பா இன்னும் வருத்தப்படுகிறார்.

அப்பா பாலசுப்ரமணியம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கொள்முதல் பிரிவில் இருக்கிறார். முப்பத்தோரு வருடமாக அரசாங்கத்துக்கு நாற்காலி, ஃபேன், பினாயில் எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு, அதே கையோடு வீட்டுக்கும் வாங்குகிறார். என்ன வேண்டும் என்பதை முதலில் ஒரு தாளில் எழுத வேண்டும். பிறகு மூன்று கடைகளில் மூடிய கவரில் விலை கேட்க வேண்டும். எழுதியதெல்லாம் இருந்து, விலையும் குறைவாகச் சொல்பவர் எல்-ஒன். அவரிடம்தான் வாங்க வேண்டும். அடுத்தவர் எல்-டூ. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை எல்-டூ என்பவர் காலமாகிவிட்டவர்.

டில்லி ஜனக்புரி ஃப்ளாட்டில் உள்ள மிக்ஸி, ஏர்கூலர், அக்காவின் கல்யாண மண்டபம் எல்லாமே எல்-ஒன். மண்டபத்துக்கான தாளில் ஜெனரேட்டர் என்று எழுத விட்டுப்போயிற்று. ஆல்பத்தில் தாலி கட்டுகிற பக்கத்தைத் திறந்தால் மாப்பிள்ளையின் பல் மட்டும் தெரியும்.

இப்படிப்பட்ட வீட்டில் எனக்கு ஒரு கேமிங் மானிட்டர் தேவைப்பட்டது.

எங்கள் கல்லூரி கேமிங் டீமில் ஓர் இடம் காலி. அதற்கு நானும் அபிஷேக் என்பவனும் போட்டி. கேப்டன் கவிப்ரியா, பக்கத்து ஏரியாவான துவாரகாவில் இருக்கும் தமிழ்ப் பெண். யாரையும் நேரில் திட்ட மாட்டாள், ஸ்கோரைச் சொல்லுவாள். அந்த இடம் கிடைத்தால் டிசம்பரில் புனேவில் போட்டி, முதுகில் பேர் போட்ட ஜெர்சி. பேர் போட்ட எதுவும் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை, மெட்ரோ அபராத ரசீதைத் தவிர.

என் லேப்டாப் ஒரு சீனியர் விற்றது. உள்ளே நல்ல சரக்கு. ஸ்கிரீன் மட்டும் பாதி செத்துவிட்டது. அதனால் ஹால் டிவியில் மாட்டி ஆடிக்கொண்டிருந்தேன். டிவியில் நான் மவுஸை நகர்த்துவதற்கும் படம் நகர்வதற்கும் நடுவே ஒரு சின்ன ஓய்வு உண்டு. அந்த ஓய்வில் அபிஷேக் என்னைச் சுட்டுவிடுவான். முதலில் பதிமூன்று எடுப்பவர் வெற்றி; முதல் ஆட்டத்தில் அவன் பதிமூன்று, நான் நான்கு.

"டிவியில ஆடினேன் கவி. பத்தாததுக்கு அம்மா குறுக்கே நடந்து போனாங்க."

"சரி விஜயன். இன்னொரு சான்ஸ். அடுத்த சனிக்கிழமை நாலு மணி. நல்ல மானிட்டர்ல ஆடு. அதுக்கப்புறம் அம்மா, டிவி, கரன்ட், கொசு எதுவும் சொல்லக் கூடாது. டீக் ஹை?"

டீக் ஹை என்றேன்.

அப்பா ஒன்பதாயிரம் சாங்ஷன் செய்தார். ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "என்ன வேணுமோ எழுது. கம்பெனி பேர் எழுதாதே" என்றார்.

"பேர் எழுதினாதானேப்பா அது கிடைக்கும்?"

"பேர் எழுதினா ஒருத்தனுக்காகவே எழுதின மாதிரி ஆயிடும். ஆடிட்ல மாட்டிப்போம்."

"நம்ம வீட்டுக்கு யாருப்பா ஆடிட்?"

அப்பா சமையலறைப் பக்கம் பார்த்தார். நியாயம்தான்.

எழுதினேன். இருபத்திநாலு இஞ்ச். 144 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு வினாடிக்குப் படம் நூற்று நாற்பத்திநாலு தடவை மாற வேண்டும்; சாதாரண டிவியில் அது அறுபதுதான். ஒரு புள்ளி நிறம் மாற ஒரு மில்லி செகண்ட். புதுசு. மூன்று வருட வாரன்டி. அப்பா தன் பங்குக்கு "ஸ்டாண்டுடன்" என்று சேர்த்தார்.

"நல்லா யோசிச்சுக்கோ. வேற ஏதாவது இருக்கா? கவர் போனதுக்கப்புறம் ஒரு எழுத்து சேர்க்க முடியாது."

நான் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு. போனைப் பார்த்துக்கொண்டே, "அவ்வளவுதாம்பா, ஸ்டாண்டர்ட்" என்றேன். இந்தக் கதையில் என்னுடைய பங்களிப்பு இதுதான்.

செவ்வாய்க்கிழமை அப்பா அரை நாள் லீவு போட்டார். ஜனக்புரி வெஸ்டில் மெட்ரோ ஏறி, நேரு என்க்ளேவில் இறங்கி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த நேரு ப்ளேஸுக்கு நடந்தோம். கையில் மூன்று கவர். அக்கா கல்யாணப் பத்திரிகைக்கு வாங்கி மிஞ்சியவை, மஞ்சள் தடவியவை.

முதல் கடைக்காரர் கவரை முன்னும் பின்னும் பார்த்தார். "அங்கிள்ஜி, யார் கல்யாணம்?"

"ரேட் லிக் தீஜியே. எழுதி உள்ளே போட்டு ஒட்டணும்."

"ரேட்டா? வாயால சொல்றேனே, எட்டாயிரத்து..."

அப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அவரைத் தாண்டிப் போன இரண்டு பேர் ஏதோ பெரிய விபத்து என்று நின்று பார்த்தார்கள். நான் பக்கத்துக் கடையின் கீபோர்டு ஒன்றில் ஆழ்ந்த அக்கறை காட்டினேன்.

இரண்டாவது கடையில் கேள்வி கேட்காமல் எழுதிக் கொடுத்தார்கள். டில்லியில் எல்லாவிதப் பைத்தியத்தையும் பார்த்த கடை.

மூன்றாவது கடைக்காரர் இளைஞர். எழுதினார், ஒட்டினார், அப்பாவிடம் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "பாய், எதுல மாட்டப் போறே? லேப்டாப்பா? அதுல எந்த போர்ட் இருக்கு?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அப்பா நடுவில் வந்துவிட்டார்.

"போதும், போதும். கவர் ஒட்டின பிறகு பேச்சுவார்த்தை கிடையாது."

"அரே அங்கிள், நல்லதுக்குத்தானே கேட்கிறேன்."

"அதான் கூடாது" என்றார் அப்பா. இதற்கு மேல் நேர்மையாக ஒரு மனிதன் இருக்க முடியாது. அவர் பின்னால் நடந்தேன்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் கவர்கள் பிரிக்கப்பட்டன. அப்பா தலைவர், அம்மா இந்திராணி நிதி உறுப்பினர், நான் உபயோகிப்பாளர் பிரதிநிதி. அம்மா ஆரம்பத்திலேயே எதிர்ப்பைப் பதிவு செய்தார்.

"டிவி நல்லாத்தானே இருக்கு?"

"கமிட்டில அதைப் பேசக் கூடாது. விலையை மட்டும் பார்க்கணும்."

"அப்போ நான் எதுக்கு? அங்க குக்கர் கத்துது."

முதல் கடை எட்டாயிரத்து எண்ணூறு. மூன்றாவது கடை எட்டாயிரத்து நானூறு. இரண்டாவது கடை எட்டாயிரத்து நூற்றைம்பது. இரண்டாவது கடையே எல்-ஒன். மிச்சம் எண்ணூற்றைம்பது ரூபாய் காலாவதியாகிவிட்டதாக அப்பா அறிவித்தார். அம்மா அதை எடுத்துக்கொண்டு குக்கரை அணைக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை மானிட்டர் வந்தது. இருபத்திநாலு இஞ்ச், ஸ்டாண்டுடன். அழகாக இருந்தது. அப்பா தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து டிக் போட்டார். ஸ்டாண்டுக்கு டிக் போடும்போது ஒரு அழுத்தம் கொடுத்தார்.

மாட்டினேன். செட்டிங்க்ஸில் போய் 144 என்பதைத் தேடினேன். அறுபது இருந்தது, எழுபத்தைந்து இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். கடைசியில், வேறு வழியே இல்லாதவர்கள் செய்வதைச் செய்தேன். பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தைப் படித்தேன்.

அந்த மானிட்டருக்குப் பின்னால் இரண்டு துளை. ஒன்று டிஸ்ப்ளே போர்ட். அதில் மாட்டினால் 144. இன்னொன்று எச்டிஎம்ஐ, அதில் மாட்டினால் எழுபத்தைந்துதான். என் லேப்டாப்பில் இருப்பது எச்டிஎம்ஐ மட்டும்.

மூன்றாவது கடைக்காரர் விலையோடு எழுதியிருந்த மாடலை இணையத்தில் பார்த்தேன். எச்டிஎம்ஐயிலேயே 144. வித்தியாசம் இருநூற்றைம்பது ரூபாய்.

அப்பாவிடம் போனேன். அவர் முழுவதும் கேட்டார், தாளை எடுத்தார், இரண்டு தடவை படித்தார்.

"போர்ட்னு எங்கேயும் எழுதலையேடா."

"மறந்துட்டேம்பா. திருப்பிக் கொடுத்துடலாமே?"

"என்ன காரணம் சொல்லி? அவன் நீ எழுதினதைத்தான் கொடுத்திருக்கான். 144 இருக்கா? இருக்கு. தப்பு அவன் பேர்ல இல்லையே."

"ஒரு கன்வர்ட்டர் இருக்காம். ஆயிரத்து எண்ணூறு."

"தனி ஐட்டம். மூணு கொட்டேஷன் வேணும்."

"மேட்ச் நாளைக்குப்பா."

அப்பாவுக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டேனேடா," என்றார் மெதுவாக. "வேற ஏதாவது இருக்கான்னு கேட்டேனே." அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அந்த வசதியும் இல்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஆடினேன், எழுபத்தைந்தில். டிவியை விடப் பரவாயில்லை. இப்போது அபிஷேக் என்னைச் சுடுவது தெளிவாகத் தெரிந்தது. எட்டுக்கு எட்டு வரை வந்தேன். அம்மா சமையலறையிலிருந்து வெளியே வரவே இல்லை. இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். கரன்ட் போகவில்லை. கொசு இல்லை. பதிமூன்றுக்கு ஒன்பது என்று முடிந்தது.

"நல்லா ஆடினே பாய்" என்றான் அபிஷேக் ஹெட்போனில். நிஜமாகத்தான் சொன்னான். அவனை வெறுக்கவும் முடியவில்லை.

கவிப்ரியா, "விஜயன், மானிட்டர் ஓகேதானே?" என்றாள்.

எழுபத்தைந்து, போர்ட், டெண்டர், மஞ்சள் தடவிய கவர் எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. வாக்குக் கொடுத்திருந்தேன். அதோடு, 144 இருந்தால் ஜெயித்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. அந்த நான்கு புள்ளியில் எத்தனை மானிட்டருடையது, எத்தனை என்னுடையது என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

"ஓகேதான்" என்றேன்.

"சரி. அபிஷேக் டீம்ல. தேங்க்ஸ் விஜயன்." அவ்வளவுதான். டீமின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னை நீக்கியதற்கான அறிவிப்பு வந்தபோது ஹெட்போன் இன்னும் காதில்தான் இருந்தது.

அப்பா அறை வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. கையில் ஒரு தாள்.

"என்ன ஆச்சு?"

"எல்-டூ" என்றேன்.

அவர் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மானிட்டரின் ஸ்டாண்டை ஒரு விரலால் கொஞ்சம் நேராக்கினார்.

"அந்தப் பையன் கடைசி நேரத்துல வரலைன்னா உன்னைக் கூப்பிடுவாங்களா?"

"உங்க ஆபீஸ்ல எப்படிப்பா?"

எனக்காக ஒரு பொய் சொல்ல முடியுமா என்று அவர் யோசித்தது முகத்தில் தெரிந்தது. முப்பத்தோரு வருட சர்வீஸ் குறுக்கே வந்துவிட்டது.

"எல்-ஒன் பின்வாங்கினா எல்-டூவைக் கூப்பிடக் கூடாது. திரும்ப முதல்லேர்ந்து டெண்டர் போடணும்."

பிறகு அந்தத் தாளை என் முன்னால் வைத்தார். 'மேற்கண்ட பொருள் கேட்டபடியே பெறப்பட்டது. திருப்திகரமாக இயங்குகிறது. உபயோகிப்பாளர் கையொப்பம்.'

"இது எதுக்குப்பா?"

"ஃபைல் மூடணுமில்ல."

படித்துப் பார்த்தேன். ஒரு வரியில்கூடப் பொய் இல்லை. கேட்டபடியேதான் வந்திருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

"தேதி" என்றார் அப்பா.