இரண்டாம் பாதிக்குத் தைத்தது

கோட்டின் இரண்டு பொத்தான்களையும் போட்ட பிறகும் உள்ளே இன்னொரு ஆள் குடியேற இடம் இருந்தது. சவப்பெட்டிக்காரர் துணியை ஒரு பக்கமாகக் கொத்தாய்ப் பிடித்துப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து குண்டூசி டப்பாவை எடுத்தார்.

"பின்னாடி நாலு குத்து குத்திட்டா சரியாயிடும்மா. முன்னாடி நின்னு பாக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரைச்சீலைக் கடைக்காரி, அதற்கு முன் அப்பாவின் துணிக்கடையில் பத்து வருஷம். கடை வாசல் பொம்மைக்கு எந்தச் சட்டையையும் பொருத்தமாக்கிக் காட்டுவது இப்படித்தான். முன்னால் மாப்பிள்ளை, முதுகில் முள்ளம்பன்றி.

"வேண்டாங்க. பொம்மைக்குத்தான் ஊசி குத்துவோம்."

நாற்காலியிலிருந்த அத்தான் செருமினார். கணவரின் அண்ணன். "நாலு பேர் வந்து பாக்குற இடம்மா. பொண்ணு கல்யாணத்துக்குத் தச்ச கோட்டு. இதை விட்டா வேற எதைப் போடுவ?"

நியாயம்தான். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் உடலைக் கொண்டுவந்ததிலிருந்து அலமாரியை மூன்று தடவை கவிழ்த்துவிட்டாள். இருந்ததெல்லாம் பழைய ஆளின் துணி. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். உட்கார்ந்தபடியே ஊர் சுற்றி, தொப்பையை ஸ்டியரிங்குக்கு முட்டுக்கொடுத்தவர். எட்டு மாத நோய் அந்தத் தொப்பையை இருந்த இடம் தெரியாமல் செய்துவிட்டது.

வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியதால் பின்னறைக்குப் போனாள்.

தையல் மிஷின் மேல் அவருடைய மலைச் சாமான்கள் கிடந்தன. ஓய்வு பெற்ற மறுவாரமே பிடித்த கிறுக்கு. எழுபது நாள் மலைப்பாதை, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கால்நடையாக. கடையில் விற்கிற முதுகுப்பை கனமாம். அவள் மிஷினிலேயே பை தைத்தார், கூடாரம் தைத்தார், தூங்கும்போது புகுந்துகொள்ள உறை தைத்தார். எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் நிறுத்தார். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியில் அறுத்தார். காலர்களில் இருந்த கம்பெனிப் பெயர்த் துண்டுகளைக் கத்தரித்தார். தூக்கிப் போட மட்டும் மனசு வராது. வெட்டியதெல்லாம் ஒரு ஜாம் பாட்டிலுக்குள் போகும்.

"குப்பையை எதுக்குச் சேக்குறீங்க?"

"குப்பையாடி? இவ்வளவையும் நான் தூக்க வேண்டாம். பாட்டிலைப் பாத்தாலே முதுகு லேசாகுது."

"முதல்ல வயித்தைத் தராசுல வைங்க."

"அதுக்குத்தான் ரெண்டு பேண்ட்!"

முதல் பாதிக்கு ஒன்று, இடுப்பு நாற்பது அங்குலம். பாதி வழியில் இருக்கிற தபாலாபீசுக்கு முன்கூட்டியே அனுப்பிவைக்க இன்னொன்று, முப்பத்துநாலு. கூட அதே அளவில் ஒரு சட்டை. முப்பத்தைந்து நாளில் ஆறு அங்குலம். டிரைவர் கணக்கு, வேகம் கொஞ்சம் கூடுதல்தான். அவள் அந்தப் பேண்டைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள். "இதுல உங்க ஒரு கால் போகும். இன்னொரு காலை யார் தூக்கிட்டு வருவா?"

போன வருஷமே எல்லாம் தயார். கடையில் ஆள் இல்லை, ஒரு வருஷம் பொறுங்கள் என்று கேட்டது அவள்தான். அவர் மறுபேச்சில்லாமல் சரி என்றார். பேரம் பேசாமல் கிடைக்கிற துணியில் எங்கேயோ ஓட்டை இருக்கும். இத்தனை வருஷம் கடையில் நின்றவளுக்கு அது அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

தபால் பொட்டலம் மூலையில் இருந்தது, அவர் கையெழுத்தில் அவருக்கே முகவரியிட்டு. கத்தரியால் பிரித்து, உள்ளே இருந்த பேண்டையும் சட்டையையும் கட்டிலுக்குக் கொண்டுவந்தாள்.

அத்தான் முகம் சுளித்தார். "மலையேறுற பேண்டா? பாக்குறவங்க சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும் அத்தான். போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

மூன்று பேருமாகப் போட்டுவிட்டார்கள். பொத்தான் இழுக்காமல் விழுந்தது. இடுப்பில் அவள் விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு விரல் தளர்வு, இருக்க வேண்டியது அவ்வளவுதான். சட்டையின் தோள் தையல் தோளிலேயே நின்றது.

"நேத்துதான் அளவெடுத்த மாதிரி இருக்கே," என்றார் பெட்டிக்காரர். "யாரும்மா தச்சது?"

அத்தான் கோட்டை எடுத்து, கை மேல் கை வைத்து, நேரம் எடுத்துக்கொண்டு மடித்தார்.

வலது காலின் ஓரம் மட்டும் அவிழ்ந்து தொங்கியது. ஷூவைப் போட்டுப் பார்த்துத்தான் உயரம் முடிவு செய்வேன் என்று வெறும் ஓட்டுத் தையலில் விட்டு வைத்திருந்தார். அவள் ஊசியில் நூலைக் கோர்த்தாள். மூன்றாவது முயற்சியில்தான் நுழைந்தது. கட்டிலடியில் முட்டி போட்டு, கணுக்கால் எலும்பு தெரியும் உயரத்தில் மடித்துத் தைத்தாள்.

"காலைப் போர்வை மூடிடும்மா," என்றார் அத்தான் மெதுவாக. "யார் பாக்கப் போறா?"

"தெரியும் அத்தான்."

வாசலில் வண்டி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. கடைசி முடிச்சைப் போட்டாள். நூல் ஒரு விரல் நீளம் மிச்சம் நின்றது. அவருக்காக அவள் தைக்கிற போதெல்லாம் பின்னால் நின்று சொல்வார்: வால் விடாதடி, அதையும் நான்தானே தூக்கணும். முடிச்சை ஒட்டி வெட்டினாள்.

"தூக்கலாமாம்மா?" என்றார் பெட்டிக்காரர்.

"ஒரு நிமிஷம்."

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து பின்னறைக்குப் போனாள். ஜாம் பாட்டிலைத் திறந்து, விரலில் ஒட்டியிருந்த நூல் துண்டை உள்ளே உதறினாள். அது விழவில்லை. இன்னொரு கையால் எடுத்துப் போட்டு, மூடியை இறுக்கினாள்.